ஊசி ஏற்றிய கண்ணில் எஞ்சியிருக்கும் அழற்சி: விழித்திரைப் படங்கள் சொல்வதும் சொல்லாததும்

குறிஞ்சாக்கேணி என்ற பெயரை நாட்டின் ஏனைய பகுதியினர் அறிந்துகொண்டது ஒரு துயரச் செய்தியின் ஊடாகவேயாகும். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காரணத்தால் மக்களை ஏற்றியிறக்கிய மிதப்புப் பாதை கிண்ணியாக் களப்பில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் நீரில் போயின. அதற்கு 12 ஆண்டுகள் முன்னர், 2009 ஒக்டோபரில், அதே கிண்ணியாவையும் திருகோணமலையையும் இணைத்து 396 மீற்றர் நீளமான பாலமொன்று திறக்கப்பட்டு, நாட்டின் மிக நீண்ட பாலம் எனப் பெருமையுடன் பேசப்பட்டது. பெரிய பாலம் வந்த பின்னரும் சிறிய துறையொன்றில் மக்கள் உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீரைக் கடந்தார்கள் என்பது நமது அபிவிருத்தியின் இயல்பைக் காட்டும்.

அன்றாடம் அவ்வாறு கடந்தவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகும் முதியவர்களும் இருந்தார்கள். நீரிழிவு, பிரசர், மூட்டுவலி என்பனவற்றுக்காகப் போகின்றவர்களே அதிகம். கண்ணுக்காகப் போகின்றவர்களும் உண்டு. கண்ணில் வெண்புரை என்றால் ஒரு தடவை சத்திரசிகிச்சை செய்து வில்லையை வைத்துவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் முதுமையில் வரும் ஒரு நோய்க்கு மாதந்தோறும் கண்ணுக்குள்ளேயே ஊசி ஏற்ற வேண்டியுள்ளது. அதுவும் ஒன்றிரண்டு மாதங்களுக்கு அல்ல, ஆண்டுக்கணக்கில். அந்த நோயைப் பற்றியும், ஊசி ஏற்றிய பின்னரும் கண்ணுக்குள் தணியாமல் நிற்கும் அழற்சியைப் படம்பிடித்துக் கண்டறிய மருத்துவ உலகம் எடுத்துவரும் முயற்சியைப் பற்றியும் இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

விழித்திரையின் நடுவில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் அகலமான ஒரு பகுதி உண்டு. பாடசாலையில் மஞ்சட்பொட்டு என்று படித்திருப்போம். எழுத்தை வாசிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் இந்தச் சிறு இடத்தின் தயவினாலேயே. வயது அறுபதைத் தாண்டும்போது சிலருக்கு இப்பகுதி சிதையத் தொடங்குகின்றது. வயதுசார் மஞ்சட்பொட்டுச் சிதைவு என்பது அதன் பெயர். பார்வையின் ஓரங்கள் அப்படியே இருக்கும், நடுப்பகுதி மங்கும். வாப்பா முற்றத்தில் நடமாடுகின்றார், கிணற்றடிக்குத் தனியே போகின்றார், ஆனால் குர்ஆனை விரித்தால் பார்க்கும் எழுத்து மறைந்து பக்கத்து எழுத்து மட்டும் தெரிகின்றது என்கிறார். வீட்டார் இதனைக் கண்ணாடியின் குறை என்றும், வெண்புரை என்றும் எண்ணிக்கொள்கின்றனர். ஆறு மாதம் அப்படியே கழிந்துவிடுகின்றது. அந்த ஆறு மாதம்தான் விலைமதிப்பற்ற காலம்.

இந்நோய் இரண்டு வடிவங்களில் வரும். உலர் வடிவம் மெல்ல நடக்கும். ஈர வடிவம் விரைந்து பார்வையைப் பறிக்கும். இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் 60 வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்ட, 2010இல் முடிவுகள் வெளியான இன்ட்ஐ ஆய்வு, முற்றிய நிலை நோய் 1.2 சதவீதமானோருக்கு இருப்பதாகக் கண்டது. புதுச்சேரிப் பகுதி மக்களும் இதில் அடங்குவர். நூற்றுக்கு ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்படியே மக்களில் 12.4 சதவீதமானோர் 60 வயதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் அதன் பின்னர் ஏறிக்கொண்டே வந்துள்ளது. மூப்படையும் நாட்டில் இந்நோய் குறையப் போவதில்லை. புகைத்தல் இதனை விரைவுபடுத்தும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட ஒன்று.

ஏன் சிதைகின்றது? ஒளியைப் பெறும் கலங்கள் நாள்தோறும் தமது நுனியில் ஒரு பகுதியை உதிர்க்கின்றன. அவற்றுக்குக் கீழே விரித்த பாய்போல உள்ள நிறப்பொருள் மேலணிக் கலங்கள் அந்தக் கழிவை விழுங்கிச் செரிக்கின்றன. வயது ஏற ஏற இந்தத் துப்புரவு வேலை பின்தங்கி, கொழுப்பும் புரதமும் கலந்த மஞ்சள் படிவுகள் அடியில் சேர்கின்றன. இவை ட்ரூசன் எனப்படும். தெருவோரத்தில் குப்பை சேர்ந்தால் காகமும் நாயும் வந்து கிளறுவது போல, இப்படிவுகள் சேர்ந்த இடத்துக்கு உடலின் காவற் கலங்கள் வந்து சேர்கின்றன. அழற்சி என்பது இதுதான். காயம்பட்ட விரலில் சிவந்து வீங்கி வலிக்கும் அழற்சியை நாம் அறிவோம். விழித்திரையில் வலி இல்லை. சிவப்பும் வெளியே தெரிவதில்லை. ஆகவே அங்கு அழற்சி ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடக்க முடிகின்றது.

அழற்சிக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமாக இருந்த நிலை 2005இல் மாறியது. அவ்வாண்டு வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் ஒரே வேளையில் ஒரு பரம்பரை அலகைச் சுட்டிக்காட்டின. கொம்பிளிமென்ற் எனப்படும் நிர்ப்பீடனப் புரதத் தொகுதியை அடக்கி வைக்கும் புரதமொன்றை ஆக்கும் அலகு அது. அதில் ஒரு சிறு மாறுதல் உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். அதாவது உடலின் காவற்படையை அடக்கும் கடிவாளம் தளர்ந்தவர்களிடம் அக்காவற்படை தன் வீட்டையே சேதப்படுத்துகின்றது.

படிவுகளும் அழற்சியும் நீடிக்கும்போது, விழித்திரைக்குப் பின்னால் உள்ள தோலுருப் படையிலிருந்து புதிய குருதிக்கலன்கள் மென்சவ்வைத் துளைத்துக்கொண்டு முளைக்கின்றன. அவை உறுதியற்றவை, நீரும் குருதியும் கசிகின்றன. இதுவே ஈர வடிவம். இம்முளைப்பைத் தூண்டும் புரதத்தை 1989இல் பிரித்தெடுத்தவர்களில் முக்கியமானவர் நெப்போலியோனே ஃபெராரா. அதனைத் தடுக்கும் பெவசிசுமப் என்ற மருந்து 2004இல் பெருங்குடற் புற்றுநோய்க்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறுவருடம் மயாமியில் பிலிப் ரோசன்ஃபெல்ட் என்ற மருத்துவர் அதில் ஒரு துளியைக் கண்ணுக்குள் ஏற்றிப் பார்த்தார். பலன் வியப்பூட்டியது. 2006இல் கண்ணுக்கெனவே ஆக்கப்பட்ட ரனிபிசுமப் வந்தது. பின்னர் 2011இல் அஃப்லிபர்செப்ற், 2019இல் புரோலுசிசுமப், 2022இல் ஃபரிசிமப் எனத் தொடர்ந்தன. புற்றுநோய் மருந்தைச் சிறு சிறு ஊசிகளாகப் பிரித்து ஏற்றுவது மிக மலிவு. 2011இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டு ஆய்வு, பலனில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றது. 2013இல் உலக சுகாதார நிறுவனம் பெவசிசுமப்பைக் கண்ணுக்கான அத்தியாவசிய மருந்தாகச் சேர்த்துக்கொண்டது. வறிய நாடுகளின் முதியவர்கள் பலர் இன்று பத்திரிகை வாசிப்பது இந்த முடிவினால்தான் என்றால் அது மிகையன்று.

இனி சிக்கலான பகுதிக்கு வருவோம். ஊசி, கசிவை நிறுத்துகின்றது. நீர் வற்றுகின்றது. நோயாளி மகிழ்கின்றார். 2006இல் வெளியான ஆய்வில், ஊசி பெற்றவர்களில் ஏறத்தாழ 95 சதவீதமானோர் பாரிய பார்வை இழப்பிலிருந்து தப்பினர். ஆனால் ஏழு ஆண்டுகள் கழித்து அத்தகைய ஆய்வுகளில் பங்குபற்றிய 65 பேரைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தபோது, மூன்றிலொரு பங்கினர் பார்வை அட்டையில் 15 எழுத்துகளோ அதற்கும் மேலாகவோ இழந்திருந்தனர். ஏறத்தாழ எல்லோரிடமும் மஞ்சட்பொட்டு ஓரளவு நலிந்திருந்தது. மேற்சொன்ன ஒப்பீட்டு ஆய்வின் ஐந்தாண்டு முடிவிலும் பாதிப்பேர் நல்ல பார்வையுடன் இருக்க, ஐவரில் ஒருவர் சட்டப்படி குருடர் எனக் கொள்ளத்தக்க நிலையில் இருந்தார். ஊசிகள் போதிய அளவு ஏற்றப்படாமை ஒரு காரணம். மற்றொரு காரணம், மருந்து குருதிக்கலனை அடக்கினாலும் அடியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பை அணைப்பதில்லை என்பதே. தணலின் மேல் தண்ணீர் தெளித்துப் புகையை அடக்கியிருக்கின்றோம் என்று பல ஆய்வாளர்கள் இப்போது கருதுகின்றனர்.

அந்தத் தணலைக் காண வழி உண்டா? கையிலோ காலிலோ என்றால் ஒரு துண்டுச் சதையை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். உயிருள்ளவரின் விழித்திரையில் அது நடவாத காரியம். ஆகவே படமே துணை. 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியை அமைத்த நாளிலிருந்து இத்துறையின் வளர்ச்சி முழுவதும் ஒளியின் வளர்ச்சியே. 1961இல் அமெரிக்காவின் இந்தியானாவில் இரண்டு மருத்துவ மாணவர்கள், கை நரம்பில் ஃபுளோரசீன் சாயத்தை ஏற்றி அது விழித்திரைக் கலன்களில் ஓடுவதைப் படம்பிடித்தனர். அக்கட்டுரையைக் கண் மருத்துவச் சஞ்சிகை திருப்பியனுப்ப, இருதய நோய்ச் சஞ்சிகையொன்று வெளியிட்டது. பத்திரிகை ஆசிரியர்கள் எந்தத் துறையில் இருந்தாலும் சில தவறுகளைத் தவறாமல் செய்வார்கள் போலும்.

1991இல் வந்தது ஓ.சி.ரி. என்று கிளினிக்குகளில் சுருக்கமாகச் சொல்லப்படும் ஒளிக்குறுக்குவெட்டுப் படம். பொஸ்ரனில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவும் அவரது குழுவினரும் இதனை ஆக்கினர். வயிற்றுக்குள் இருக்கும் சிசுவை ஒலி அலையால் ஸ்கான் பார்ப்பது போல, இங்கே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, ஒவ்வொரு படையிலிருந்தும் அது திரும்பும் விதத்தைக் கணித்து விழித்திரையின் குறுக்குவெட்டு வரையப்படுகின்றது. வலியில்லை, ஊசியில்லை, நாடியை ஒரு தாங்கியில் வைத்துச் சில விநாடிகள் இமைக்காமல் இருந்தால் போதும். கால் மில்லிமீற்றர் அளவே தடிப்பான திரையின் படைகள், பாய் அடுக்கியது போலத் தனித்தனியே தெரியும். இன்றைய கருவிகள் ஒரு மில்லிமீற்றரை 150 அல்லது 200 ஆகப் பிரித்துக் காட்ட வல்லவை. தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்கு என்று கொள்ளலாம்.

இப்படங்களில் நீர் கறுப்பாகத் தெரியும். திரைக்குள்ளே நீரா, திரைக்கு அடியிலே நீரா என்பதைப் பார்த்தே மருத்துவர் அடுத்த ஊசிக்கு நாள் குறிக்கின்றார். நான்கு கிழமைக்கு ஒன்று எனத் தொடங்கி, திரை உலர்ந்திருந்தால் ஆறு, எட்டு, பன்னிரண்டு எனத் தவணையை நீட்டுவது இன்றைய பரவலான வழக்கம். திரைக்குள் தங்கும் நீர் பார்வைக்குக் கெடுதி. அடியில் தங்கும் சிறிதளவு நீரைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஆய்வுகளின் போக்கு.

ஆனால் கறுப்பு நீரைப் பார்த்துப் பழகிய கண்கள் நெடுங்காலம் கவனியாமல் விட்டவை வெண்புள்ளிகள். படத்தில் அங்குமிங்கும் உப்புக்கல் தூவியது போலப் பிரகாசமான சிறு பொட்டுகள் தெரியும். நீரிழிவுக் கண்ணில் இவற்றை 2009இல் வியன்னா ஆய்வாளர்கள் விவரித்தனர். ஈர மஞ்சட்பொட்டுச் சிதைவில் இவை சிகிச்சைக்குப் பின் குறைகின்றன என்றும், நோய் மீளும்போது மீண்டும் தோன்றுகின்றன என்றும் 2013இல் பிரான்சில் கொஸ்காஸ் குழுவினர் எழுதினர். அதன் பின் இத்துறையில் எழுதப்பட்டவை ஏராளம்.

இப்புள்ளிகள் எவை? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், இவை விழிப்படைந்த மைக்ரோகிளியாக் கலங்கள் என்பதாகும். மைக்ரோகிளியா விழித்திரையின் ஊர்க்காவலர். அமைதிக் காலத்தில் உட்படைகளில் கிளைகளை விரித்துக் காத்திருக்கும். அபாயம் நேர்ந்தால் கிளைகளைச் சுருக்கி, உருண்டு, வெளிப்படைகளை நோக்கி நகரும். ஓ.சி.ரி. படத்தில் உட்படைகளிலிருந்து வெளிப்படைகளுக்குப் புள்ளிகள் பெயர்வது இந்த நகர்வுடன் பொருந்துகின்றது. அளவும் ஒரு குறி: ஒரு மில்லிமீற்றரின் நூறிலே மூன்று பங்குக்குக் குறைந்து, பின்னால் நிழல் விழாதிருந்தால் அது அழற்சிக் கலம் எனவும், அதற்குப் பெரிதாக நிழலுடன் இருந்தால் கசிந்து உறைந்த கொழுப்பு எனவும் நீரிழிவுக் கண்ணை ஆராய்ந்தோர் வகுத்துள்ளனர்.

இவ்விடத்தில் ஒரு தடையைச் சொல்லியாக வேண்டும். இறந்தோர் தானம் செய்த கண்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அவர்கள் உயிருடன் இருந்தபோது எடுத்த படங்களுடன் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வுகள், மஞ்சட்பொட்டுச் சிதைவில் காணப்படும் இப்புள்ளிகளில் பல, இடம்பெயர்ந்த நிறப்பொருள் மேலணிக் கலங்களே என்று காட்டுகின்றன. அதாவது காவலர் என்று நாம் நினைத்தது வீட்டைவிட்டு ஓடும் குடியிருப்பாளராக இருக்கலாம். இரண்டும் படத்தில் ஒரே வெண்புள்ளிதான். எனவே புள்ளியைக் கண்டவுடன் அழற்சி என்று அறிக்கையில் எழுதிவிடுவது அவசரம். (உலகில் கண்தானத்துக்குப் பேர்போன நாடு நம்முடையது. 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய சங்கம் எத்தனையோ நாடுகளுக்கு வெண்படலங்களை அனுப்பியுள்ளது. தானக் கண்கள் பார்வையை மட்டுமன்றி அறிவையும் தரவல்லவை என்பதற்கு இவ்வாய்வுகள் சான்று.)

புள்ளிகள் எதுவாயினும் அவை வெறும் அலங்காரமல்ல என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. ஊசிகளுக்குப் பின்னும் குறையாமல் நிற்கும் புள்ளிகள், பார்வை எதிர்பார்த்தபடி தேறாமையுடனும் ஒளிபெறு கலங்களின் சிதைவுடனும் சேர்ந்து வருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. இருந்தபோதிலும் சிகிச்சை வழிகாட்டிகள் இன்னமும் நீரையே அளவுகோலாகக் கொள்கின்றன. புள்ளிகளை எண்ணி ஊசியின் தவணையைத் தீர்மானிக்கச் சொல்வதில்லை. அதுவே சரியான நிதானம் என்பது நமது அபிப்பிராயம். இவை தவிர, திரையின் உள்மேற்பரப்பில் ஊரும் பெருவிழுங்கிக் கலங்களை மேலிருந்து நோக்கிப் படம்பிடிக்கும் முயற்சி 2020 முதல் நடக்கின்றது. தோலுருப் படையின் தடிப்பையும் குருதியோட்டத்தையும் அளக்கிறார்கள். ஆசியரிடையே ஈர வடிவத்தின் கணிசமான பங்கு, குருதிக்கலன் நுனியில் முடிச்சுகள் தோன்றும் தனி வகை என்பதால் மேல்நாட்டு அளவுகளை அப்படியே இங்கு பொருத்த முடியாது என்பதையும் மனங்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது நோயினால் எழும் அழற்சி. மருந்தினாலேயே எழும் அழற்சி வேறு. அதைப் படத்தில் முன்கூட்டியே காண்பது பார்வைக்கும் குருட்டுத்தனத்துக்கும் இடையிலான விடயம்.

புரோலுசிசுமப் மருந்தின் கதை இதற்குத் தக்க உதாரணம். தவணையை மூன்று மாதத்துக்கு நீட்டலாம் என்ற நம்பிக்கையுடன் 2019 ஒக்டோபரில் அமெரிக்காவில் அது அனுமதிக்கப்பட்டது. களப்பைக் கடந்து வரும் முதியவருக்கு இதைவிட நற்செய்தி வேறென்ன இருக்க முடியும்? நான்கு மாதங்களுக்குள், 2020 பெப்ரவரியில், அந்நாட்டு விழித்திரை மருத்துவர் சங்கம் தன் உறுப்பினருக்கு எச்சரிக்கை விடுத்தது. ஊசி ஏற்றிய சில கண்களில் விழித்திரையின் குருதிக்கலன்களே அழற்சியுற்று அடைபட்டிருந்தன. அதன் பின் சுயாதீனக் குழுவொன்று, மருந்தின் முன்னைய பரிசோதனைகளில் எடுக்கப்பட்ட படங்களை மீண்டும் ஆராய்ந்தது. மருந்து பெற்ற 1,088 கண்களில் 50இல் அழற்சி. அவற்றில் 36இல் கலன் அழற்சி. 23இல் கலன் அடைப்பு. இம்மருந்தின் அழற்சியினால் 15 எழுத்துகளோ அதற்கு மேலோ இழந்தவர்கள் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேர். பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள் நிகழ்ந்தன.

இதில் நம் சிந்தனைக்குரியது, அப்படங்கள் முன்னரே எடுக்கப்பட்டுப் பெட்டிக்குள் இருந்தன என்பது. அடையாளம் படத்தில் இருந்தது. அதனைத் தேடிய கண்கள் இல்லை. எச்சரிக்கைக்குப் பின்னர் மருத்துவர்கள் ஊசிக்கு முன் கண்ணாடியுடனீரில் மிதக்கும் கலங்களையும், குருதிக்கலன்களைச் சுற்றிய வெண் உறையையும், விளிம்புவரை பரந்த சாயப் படத்தில் கசிவையும் தேடிப் பார்க்கத் தொடங்கினர். நான்கு கிழமைக்கு ஒரு தடவை இம்மருந்தைத் தொடர்ந்து ஏற்றிய ஆய்வொன்று 2021இல் நிறுத்தப்பட்டது. உலர் வடிவத்தின் முற்றிய நிலைக்கென, கொம்பிளிமென்ற் அழற்சியை அடக்கவே ஆக்கப்பட்ட பெக்செற்றகோபிளான் 2023 பெப்ரவரியில் அனுமதி பெற்று, அதே ஆண்டு ஜூலையில் அதே வகைக் கலன் அழற்சி பற்றிய எச்சரிக்கைக்கு ஆளானது. அழற்சியைத் தணிக்க வந்த மருந்தே அழற்சியை எழுப்பியது.

அண்டை நாட்டிலும் இவ்வனுபவம் உண்டு. 2015இல் இந்தியாவில் ரனிபிசுமப்பின் உலகின் முதலாவது உயிரொத்த மருந்து விற்பனைக்கு வந்தபோது, ஆரம்பத் தொகுதிகளில் கிருமியற்ற அழற்சி பதிவாகி, தயாரிப்பு முறை திருத்தப்பட்டு அது மீண்டும் வந்தது. பின்னர் அது பல்லாயிரம் கண்களில் பயன்பட்டு வருகின்றது. மலிவு மருந்தை வெறுப்பதற்கு இது காரணமாகாது. கவனித்ததாலும் பதிந்ததாலும் வெளிப்படையாகச் சொன்னதாலும் தவறு திருத்தப்பட்டது என்பதே இதில் காணத்தக்கது.

நம் நாட்டில் 2023 ஏப்ரலில் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நுவரெலியா வைத்தியசாலையில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, அழற்சியைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட இறக்குமதிக் கண்துளி மருந்தே கண்ணைக் கெடுத்தது. வேறு வைத்தியசாலைகளிலிருந்தும் முறைப்பாடுகள் வந்தன. 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையைப் பெற்ற நாடு இது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்குத் தவித்த வேளையில் எதைக் கொடுத்தாலும் போதும் என்ற நிலை உருவானது; அதன் விலையைக் கண்கள் கொடுத்தன. கண்ணுக்குள் ஏற்றும் மருந்து வாயால் விழுங்கும் மாத்திரை போன்றதல்ல. ஒரு துளியில் கலந்த நுண்ணளவு அசுத்தமும் அங்கே பேரழிவு.

ஊசிக்குப் பின் வரும் தொற்று வேறு, கிருமியற்ற அழற்சி வேறு என்பதையும் வீட்டார் தெரிந்திருத்தல் நன்று. தொற்று சில ஆயிரம் ஊசிகளுக்கு ஒன்று என்ற அளவில் அரிதானது. பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் கடும் வலி, சிவப்பு, பார்வை வீழ்ச்சி என்று வரும். கிருமியற்ற அழற்சி வலியின்றி, சில கிழமைகள் கழித்தும் வரலாம். புதிதாகத் தூசு மிதப்பது போலவும் புகை படிந்தது போலவும் தெரிவது அதன் முதல் அறிகுறி. ஊசி போட்டால் அப்படித்தான் இருக்கும் என்று அடுத்த தவணைவரை பொறுத்திருப்பதுதான் ஆபத்து. ஊசி ஏற்றிய அன்று சிறு குமிழிகள் மிதப்பது இயல்பு. அவை ஒன்றிரண்டு நாளில் மறையும். அதற்குப் பின் தோன்றும் எதையும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

அன்றைக்கே காட்டுவது என்பதுதான் குறிஞ்சாக்கேணி போன்ற ஊர்களின் கேள்வி. கிண்ணியாவிலிருந்து கொழும்பின் தேசிய கண் வைத்தியசாலைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். முதியவர் தனியே போக முடியாது. மகனோ மருமகனோ ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மாதந்தோறும் என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்? கொரோனாக் காலத்தில் தவணை தவறியவர்கள் உலகெங்கும் பார்வை இழந்தனர் என்பது பதிவாகியுள்ளது. நம் கிராமங்களில் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை எனலாம். விழித்திரை மருத்துவர் ஒருவரை எல்லா மாவட்டங்களுக்கும் அனுப்புதல் உடனடியாக நடவாது. ஆனால் ஓ.சி.ரி. கருவியை மாவட்டத்தில் வைத்து, பயிற்றப்பட்ட ஒருவர் படமெடுத்து, அதனைத் தொலைவிலுள்ள நிபுணர் பார்த்து, இம்முறை ஊசி வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது நடக்கக்கூடியதே. மதுரையில் 1976இல் 11 கட்டில்களுடன் டாக்டர் வேங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமப் பார்வை நிலையங்களைத் தொலைத்தொடர்பால் நகருடன் இணைத்து இவ்வழியைப் பல ஆண்டுகளாக நடைமுறையில் காட்டியுள்ளது.

மற்றொன்று பதிவு. அழற்சியின் அடையாளம் ஒரு படத்தில் தெரிவதைவிட இரண்டு படங்களுக்கிடையிலான மாற்றத்தில்தான் தெரிகின்றது. சென்ற தடவை இருபது புள்ளிகள், இம்முறை ஐம்பது என்றால் அது செய்தி. ஆனால் ஒரு வைத்தியசாலையில் எடுத்த படம் மற்றதில் கிடைப்பதில்லை. தனியார் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் செலுத்தி எடுத்த படம் வீட்டில் அரிசிப் பெட்டிக்கு மேல் கிடந்து மங்குகின்றது. எந்த மருந்து, எந்தத் தொகுதி இலக்கம், எந்தக் கண், எத்தனையாவது ஊசி என்பவற்றைக் கிளினிக் கொப்பியில் எழுதும் வழக்கம் எல்லா இடத்திலும் கட்டாயமாக வேண்டும். தொகுதி இலக்கம் எழுதப்படாத நாட்டில் மருந்தின் பிழை நோயாளியின் விதியாகிவிடுகின்றது.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியில் ஒரு பக்கத்தின் நடுவே கறுப்புப் பொட்டொன்றை வைத்து, வாசிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த தூரத்தில் பிடித்து அப்பொட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் மற்றக் கண். கோடுகள் நெளிந்தாலோ, சில கட்டங்கள் காணாமற் போனாலோ, சென்ற கிழமைக்கும் இக்கிழமைக்கும் வேறுபட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு கண்களாலும் ஒன்றாகப் பார்த்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். பல குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். பழைய படங்களையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பைக்குள் வைத்து, நனையாமல் கட்டி, ஒவ்வொரு தடவையும் கொண்டுபோக வேண்டும். மருத்துவர் கேளாவிட்டாலும் சென்ற தடவை எடுத்த படத்தை மேசையில் வைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேட்பதற்கு நோயாளிக்கு உரிமை உண்டு.